ஸ்கெக்சிஸ் பிடிக்கிறது, கெல்ஃப்ளிங் ஒட்டவில்லை: பொம்மை முகத்தில் என்ன நடக்கிறது?

‘தி டார்க் கிறிஸ்டல்: ஏஜ் ஆஃப் ரெசிஸ்டன்ஸ்’ என்ற பொம்மைத் தொடரை நெட்ஃப்ளிக்ஸில் முதல்முறை போட்டுப் பார்ப்பவர்களில் பலருக்கு முதல் அரைமணி நேரத்தில் ஒரே மாதிரிக் குழப்பம் வரும். கழுகு மூக்கும் அழுக்குப் பட்டும் பூண்ட ஸ்கெக்சிஸ் என்ற வில்லன்களிடமிருந்து கண்ணை எடுக்க முடியாது. கெல்ஃப்ளிங் இனத்து நாயகன், நாயகி முகம்தான் என்னவோ மாதிரி இருக்கும், மரப்பாச்சிக்குக் கண் வைத்ததுபோல. விட்டுவிடலாமா என்று யோசிப்பார்கள். விடாமல் பார்த்தவர்களைக் கேட்டால், மூன்றாவது எபிசோடுக்குள் அவை பொம்மைகள் என்பதே மறந்துபோனதாகச் சொல்வார்கள். இந்த இரண்டு எதிர்வினைக்கும் காரணம் ஒன்றுதான். அதைப் புரிந்துகொள்ளத் தொடரைப் பார்த்திருக்க வேண்டியதில்லை. ஒரு பழைய சாக்ஸ் இருந்தால் போதும், அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில் எது எது என்று தெரிந்துகொள்வோம். ‘தி டார்க் கிறிஸ்டல்’ 1982 டிசம்பரில் வெளியான படம், 93 நிமிடம். மப்பெட் பொம்மைகளை உருவாக்கிய ஜிம் ஹென்சனும் அவருடைய நெடுநாள் கூட்டாளி ஃபிராங்க் ஆஸும் சேர்ந்து இயக்கினார்கள். உருவங்களுக்கு மூலம் பிரையன் ஃபிரௌட் என்ற ஆங்கிலேய ஓவியரின் சித்திரங்கள். திரையில் ஒரு மனித முகம்கூட வராது. த்ரா என்ற உலகம். அதை ஆளும் பறவையும் பல்லியும் கலந்த ஸ்கெக்சிஸ். அவர்களால் அழிக்கப்பட்டு இருவர் மட்டும் மிஞ்சிய கெல்ஃப்ளிங் இனம். 2019 ஆகஸ்ட் 30 அன்று வந்த தொடர், அந்தப் படத்துக்கு முந்தைய கதை. பத்து எபிசோடுகளையும் லூயி லெட்டேரியே என்ற ஒரே இயக்குநர் எடுத்தார். இதில் கெல்ஃப்ளிங்குகள் ஏழு குலங்களாகச் செழித்து வாழ்கிறார்கள். ஸ்கெக்சிஸ்தான் தங்கள் காவலர்கள் என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள்.

பள்ளம் எங்கே இருக்கிறது

டோக்கியோவில் பேராசிரியராக இருந்த மசாஹிரோ மோரி என்ற ரோபோ ஆய்வாளர் 1970-ல் ஒரு சிறு கட்டுரை எழுதினார். ஒரு பொருள் மனிதனைப்போல ஆக ஆக நமக்கு அதன்மேல் ஒட்டுதல் கூடும். ஆனால் ‘கிட்டத்தட்ட மனிதன்’ என்ற நிலை வந்ததும் ஒட்டுதல் சட்டென்று சரிந்து அருவருப்பாக மாறும். முழுக்க மனிதனாகிவிட்டால் மறுபடி ஏறும் என்பது அவர் சொன்னது. வரைபடமாகப் போட்டால் நடுவில் ஒரு பள்ளம் தெரியும். இதைத்தான் ‘அன்கேனி வேலி’ என்கிறார்கள். (நம்மூர் முள்வேலி அல்ல, பள்ளத்தாக்கு.) இந்தக் கட்டுரையில் ‘நெருடல் பள்ளம்’ என்று சொல்லிக்கொள்வோம். மோரி காட்டிய உதாரணம் செயற்கைக் கை. பார்க்க அசல் கை மாதிரியே இருக்கிறது; குலுக்கினால் எலும்பில்லாமல் சில்லென்று இருக்கிறது. அந்தக் கணத்தில் உடம்பு கூசும் அல்லவா, அதுதான் பள்ளம். பொருள் அசையவும் செய்தால் பள்ளம் இன்னும் ஆழமாகும் என்றும் சொன்னார்.

அதே வரைபடத்தில் அவர் ஜப்பானின் புன்ராக்கு பொம்மையையும் குறித்திருக்கிறார், பள்ளத்தைத் தாண்டி மேலே ஏறும் பக்கத்தில். இது நம் விஷயத்துக்கு மிக முக்கியம். பக்கத்தில் வைத்துப் பார்த்தால் புன்ராக்கு பொம்மை மனிதனைப்போலவே இருக்காது. அளவு சின்னது, தோல் மரம். ஒரு பொம்மையை மூன்று பேர் வெளிப்படையாக நின்று இயக்குகிறார்கள்: ஒருவர் தலையும் வலக்கையும், ஒருவர் இடக்கை, ஒருவர் கால். ஆனாலும் அரங்கில் தள்ளி உட்கார்ந்து கதையில் மூழ்கும்போது கண்ணசைவும் கையசைவும் சேர்ந்து அது மனிதனாகிவிடுகிறது.

‘தள்ளி உட்கார்ந்து’ என்பதைக் கவனியுங்கள். புன்ராக்கு ஆகட்டும், ஆட்டுபவர் தலையில் மாட்டிய வளையத்திலிருந்து நூல் தொங்கும் நம் பொம்மலாட்டம் ஆகட்டும், தூரம் அவற்றுக்கு உதவி. டிவி தொடரில் அந்தத் தூரம் பறிபோகிறது. கேமரா பொம்மையின் மூக்குக்கு முன்னால் நிற்கிறது. ரப்பர் கன்னம் அசையாமல் இருப்பது உங்கள் 55 இஞ்ச் திரையில் பளிச்சென்று தெரிகிறது.

இப்போது முதல் கேள்விக்கு வரலாம். கெல்ஃப்ளிங்குக்கு மனித முகம்: நெற்றி, சின்ன மூக்கு, உதடு, கூந்தல். அது நேராகப் பள்ளத்தின் விளிம்பில் நிற்கிறது. நாம் பிறந்த நாளிலிருந்து படித்துவரும் முகம் என்பதால் ஒரு தசை அசையாவிட்டாலும் கண்டுபிடித்துவிடுவோம். ஸ்கெக்சிஸ் பள்ளத்தின் பக்கமே வருவதில்லை. அலகும் சுருக்கமும் கொண்ட அந்த முகம் எப்படி அசைய வேண்டும் என்று நமக்கு முன்கூட்டி ஒன்றும் தெரியாது. எப்படி அசைந்தாலும் சரி என்று ஏற்றுக்கொள்கிறோம். போதாக்குறைக்கு, விளக்கு பட்டால் சுருக்கங்களில் நிழல் மாறுகிறது, தலை லேசாகத் திரும்பினாலே முகபாவம் மாறியதுபோலத் தோன்றும். வழவழப்பான கெல்ஃப்ளிங் கன்னத்தில் நிழலுக்கு வேலையே இல்லை.

உள்ளே இருக்கும் கை

இன்னொரு காரணம் வெறும் இடப் பிரச்சினை. ஸ்கெக்சிஸ் ஆளுயரத்துக்கு மேற்பட்ட உருவம். இயக்குபவர் உடைக்குள்ளேயே நின்று, ஒரு கையைத் தலைக்கு மேல் உயர்த்தி, அந்தக் கையால் ஸ்கெக்சிஸின் தலையையும் வாயையும் ஆட்டுகிறார். வெளியே எதுவும் தெரியாது. மார்பில் கட்டிய சின்ன மானிட்டரில் கேமரா பார்ப்பதை அவரும் பார்ப்பார். மற்றக் கைக்கு உதவியாள், கண்ணுக்கு வெளியிலிருந்து ரிமோட். இப்படி மனித முதுகெலும்பு முழுதும் உள்ளே இருப்பதால் உருவம் மூச்சுவிடுகிறது, நடக்கும்போது எடை தெரிகிறது. தலையும் பெரிது, கருவி வைக்க இடம் தாராளம்.

கெல்ஃப்ளிங் தலையோ ஒரு கை நுழைந்தாலே நிரம்பிவிடும். அந்த மிச்ச இடத்தில்தான் இமை, புருவம், காது ஆகியவற்றை அசைக்கும் சின்ன மோட்டார்கள். முக்கியக் கலைஞர் தலையையும் வாயையும் ஒரு கையால் பிடிக்க, கண்ணையும் புருவத்தையும் இன்னொருவர் தள்ளி நின்று ரிமோட்டில் இயக்குகிறார். ஒரே முகத்துக்கு இரண்டு மனங்கள். இருவரும் ஒரே நொடியில் ஒரே உணர்ச்சிக்குப் போகவில்லை என்றால் வாய் பேசி முடித்த பிறகு கண் சிமிட்டும். பார்ப்பவருக்கு என்ன தப்பு என்று சொல்லத் தெரியாது, ஏதோ தப்பு என்று மட்டும் படும். 1982-ல் இதே வேலைக்கு ரிமோட்டுக்குப் பதில் கேபிள்கள். ஜென் என்ற நாயகப் பொம்மையை ஹென்சனே பிடித்தார். அப்படியும் ஜென்னின் முகம் பல இடங்களில் வெறுமையாகத்தான் இருக்கிறது. தொடரின் கெல்ஃப்ளிங்குகள் அதைவிடப் பல படி மேல். படத்தையும் தொடரையும் அடுத்தடுத்து ஓடவிட்டால் இது உடனே தெரியும்.

தயாரிப்பின் தொடக்கத்தில் கெல்ஃப்ளிங்குகளை மட்டும் கணினி வரைகலையில் செய்யலாமா என்று சோதனைக் காட்சி எடுத்துப் பார்த்தார்கள். பொம்மைதான் வென்றது. சரியான முடிவு என்றே சொல்வேன். எல்லாத் தசையும் அசையும் கணினி முகம், கையால் தொடக்கூடிய ஸ்கெக்சிஸின் பக்கத்தில் நின்றால் பள்ளம் ஆழமாகும், மூடாது.

சாக்ஸ் சோதனை

இதுவரை சொன்னதை வீட்டில் சரிபார்க்கலாம். வெளிர் நிற சாக்ஸ் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள், கருப்பு வேண்டாம். கையை உள்ளே விட்டு, நான்கு விரல்கள் மேல்தாடை, கட்டைவிரல் கீழ்த்தாடை. விரல் முட்டிகளுக்கு மேலே 2 சென்டிமீட்டர் அகலமுள்ள இரண்டு வெள்ளைக் காகித வட்டங்களை ஒட்டுங்கள். கருவிழிக்கு ஸ்டிக்கர் பொட்டு, சின்ன சைஸ் கருப்பு, அரை சென்டிமீட்டர்.

பொட்டை முதலில் வட்டத்தின் நட்டநடுவில் ஒட்டிப் பாருங்கள். பொம்மை உங்களைப் பார்க்காது; உங்களைத் துளைத்துக்கொண்டு பின்சுவரைப் பார்க்கும். இப்போது இரண்டு பொட்டையும் மூக்குப் பக்கமாக 2 மில்லிமீட்டர் நகர்த்துங்கள். சட்டென்று அது எதையோ பார்க்க ஆரம்பிக்கும். 5 மில்லிமீட்டர் நகர்த்தினால் மாறுகண். ஆக, உயிருக்கும் உயிரின்மைக்கும் நடுவே இருப்பது சில மில்லிமீட்டர். ஹென்சனின் பொம்மைகளைச் செய்த டான் சாலின் இதில் கெட்டிக்காரர். இரு கண், மூக்கு இவற்றின் உறவை ‘மாய முக்கோணம்’ என்பார்கள். சிலைக்குக் கடைசியில் கண் திறக்கும் ஸ்தபதிகளுக்கும் இந்த ரகசியம் தெரியும்.

அடுத்து வாய். ‘வணக்கம்’ சொல்ல வையுங்கள். மூன்று அசை, மூன்று திறப்பு, கடைசி ‘ம்’-ல் வாய் மூடியிருக்க வேண்டும். புதியவர்கள் எல்லோரும் செய்யும் தப்பு, கட்டைவிரலைக் கீழே இறக்காமல் நான்கு விரல்களை மேலே தூக்குவது. அப்படிச் செய்தால் ஒவ்வொரு அசைக்கும் தலை பின்னால் போய்ப் பொம்மை கூரையைப் பார்க்கும். பார்வை போனால் உயிர் போச்சு.

மூன்றாவதாக, இரண்டு போனில் வீடியோ கால் போட்டு, ஒன்றின் கேமரா முன்னால் சாக்ஸை உயர்த்திப் பிடித்து, இன்னொன்றின் திரையில் அதைப் பாருங்கள். (உங்கள் போனில் தெரியும் உங்கள் பிம்பம் கண்ணாடிபோல் திருப்பப்பட்டது, எதிர்முனையில் தெரிவதுதான் கேமரா பார்ப்பது.) பொம்மையை வலப்பக்கம் நகர்த்த நினைத்தால் இடப்பக்கம் போகும். ஹென்சன் மரபில் மானிட்டரை இப்படித் திருப்பாமலே வைத்துப் பழகுகிறார்கள். கையை உயர்த்தி ஒரு நிமிடம் அப்படியே வைத்திருங்கள். திரையில் பொம்மை மெதுவாக மூழ்குவதைப் பார்ப்பீர்கள், உங்களுக்குத் தெரியாமலே. கை வலித்தால் முதலில் உயரம் குறையும், அடுத்துத் தலை சாயும், அப்புறம் பார்வை தப்பும். இதைப் பன்னிரண்டு மணி நேர படப்பிடிப்பு நாளில் செய்கிறவர்களை நினைத்துப் பாருங்கள். 1982 படத்தில் கார்த்திம் என்ற நண்டு வீரர்களின் உடை 30 கிலோவைத் தொடும். ஷாட்டுக்கு ஷாட் நடுவே உள்ளே இருந்தவர்களை உடையோடு கம்பியில் மாட்டித் தொங்கவிட்டு ஓய்வு கொடுத்தார்கள்.

மூன்றாவது எபிசோடில் என்ன மாறுகிறது

பொம்மை மாறவில்லை. நாம் மாறுகிறோம். முதல் எபிசோடில் நாம் வாயையும் கன்னத்தையும் பார்த்துக்கொண்டிருக்கிறோம், ஏனென்றால் மனிதர்களிடம் உணர்ச்சியை அங்கேதான் தேடுவோம். அங்கே ஒன்றும் கிடைக்காது. இரண்டு மூன்று மணி நேரம் போனதும் மூளை இடத்தை மாற்றிக்கொள்கிறது: தலை எந்தப் பக்கம் சாய்கிறது, பார்வை எங்கே போகிறது, பேசுவதற்கு முன் தோள் ஏறி இறங்குகிறதா. பொம்மைக் கலைஞர் நடிப்பதும் அங்கேதான். அவர் பேசும் மொழியை நாம் கற்றுக்கொள்ள அவ்வளவு நேரம் ஆகிறது.

ஒப்பிட்டுப் பார்க்கத் திரையில் மனிதன் யாரும் இல்லை என்பதும் உதவுகிறது. ஒரே ஒரு மனித நடிகர், தொடரின் கெல்ஃப்ளிங் நாயகன் ரியானின் பக்கத்தில் நின்றிருந்தால் ஒவ்வொரு ஷாட்டிலும் ரப்பர் ரப்பராகவே தெரிந்திருக்கும். அளவுகோலே இல்லாத இடத்தில் ரியானின் முகம்தான் முகம்.

பழகுவதைக் கெடுப்பது வசன ஒலி. படப்பிடிப்பில் பொம்மைக் கலைஞர்களே வசனம் பேசி நடிக்கிறார்கள். பிறகு டாரன் எகர்டன், ஆன்யா டெய்லர்-ஜாய், நத்தாலி இமானுவேல் போன்றவர்கள் குரல் கொடுத்தார்கள். டப்பிங் படம் பார்த்துப் பழகிய நமக்கு இது புரியும்: வாயின் தாளம் ஒருவருடையது, குரல் இன்னொருவருடையது. விக்டர் யெரிட் என்ற கலைஞர் ஹப் என்ற பாட்லிங்கை (த்ராவின் குள்ள இனம்) இயக்கி, குரலும் அவரே கொடுத்தார். கரண்டியை வாளாக ஏந்திய அந்தக் குட்டி உருவம் பலருக்கு முதல் நிமிடத்திலேயே பிடித்துப்போவதில் இதற்கும் பங்கு உண்டு. மனித முகச் சாயல் இல்லாத உருளைக்கிழங்கு மூஞ்சியும் ஒரு காரணம், வேறென்ன.

படம் பார்த்து வளர்ந்தவர்களும் புதியவர்களும்

1982 படத்தைச் சிறுவயதில் பார்த்தவர்களுக்கு முகம் பிரச்சினையே இல்லை. அந்த மொழி அவர்களுக்கு முன்பே தெரியும். அவர்களின் கவலை வேறு: என் நினைவில் இருப்பதைக் கெடுத்துவிடுவார்களோ? அதனால்தான் சேம்பர்லின் என்ற ஸ்கெக்சிஸ் முதல்முறை ‘ம்ம்ம்ம்’ என்று முனகியதும் அப்பாடா என்றிருக்கும். படத்தில் பாரி டென்னன் கொடுத்த அந்த இழுவை முனகலைச் சைமன் பெக் தொடரில் அப்படியே பிடித்துவிட்டார். பிரையன் ஃபிரௌட் மறுபடி வந்தார். படத்துக்குப் பொம்மை செய்யவந்து பிறகு அவரை மணந்த வெண்டி ஃபிரௌட் வந்தார், அவர்கள் மகன் டோபியும் வடிவமைப்பில் வேலை செய்தார். உருவங்களில் ஒரு கைமணம் தொடர்கிறதென்றால் காரணம் இதுதான்.

பழைய ரசிகர்களில் சிலருக்குப் பிடிக்காதது கேமராவின் ஓட்டம். 1982-ல் இயக்குபவரை ஃபிரேமிலிருந்து அழிக்க வழியில்லை. பாறைக்குப் பின்னால், மேடைக்குக் கீழே ஒளிய வேண்டும். ஆகவே கேமரா பெரும்பாலும் அசையாமல் நிற்கும், படம் ஓவியத் தொகுப்பு மாதிரி நகரும். தொடரில் இயக்குபவரைக் கணினியில் அழித்துவிடலாம். அதனால் லெட்டேரியே கேமராவைத் தோளில் வைத்துக்கொண்டு பொம்மைகளைச் சுற்றி ஓடுகிறார். சண்டைக் காட்சிகளுக்கு இது உயிர். அமைதியான காட்சிகளில் எனக்கு அந்த நடுக்கம் அதிகம் என்றே படுகிறது, நிற்கும் கேமராவில் பார்வை இன்னும் அழுத்தமாக விழுந்திருக்கும்.

இருள் பற்றி ஒரு வார்த்தை, குழந்தைகளோடு பார்ப்பவர்களுக்காக. பொம்மை என்றதும் குழந்தைகளுக்கானது என்று நினைத்துப் போடுபவர்கள் முதல் எபிசோடிலேயே திடுக்கிடுகிறார்கள். மீரா என்ற கெல்ஃப்ளிங் பெண்ணை நாற்காலியில் கட்டி, உயிர்ச்சாறு உறிஞ்சப்பட்டு அவள் வற்றிப்போவதைக் காட்டுகிறார்கள். நாயகி என்று நாம் நினைத்த பாத்திரம் அது. குழந்தைகள் ஒருபோதும் பயப்படாமல் வளர்வது நல்லதல்ல என்பது ஹென்சனின் எண்ணம். கிரிம் சகோதரர்களின் பழைய கதைகளில் இருந்த இருட்டை அவர் திரும்பக் கொண்டுவர விரும்பினார். இங்கே பொம்மை பயத்தைக் குறைப்பதில்லை, வேறு மாதிரி ஆக்குகிறது. நடிகர் செத்தால் அவர் வீட்டுக்குப் போய்விடுவார் என்று தெரியும். பொம்மையின் கண்ணில் ஒளி மங்கினால் அதற்கு வெளியே அதற்கு வாழ்க்கை இல்லை. பத்து வயதுக்குக் கீழே என்றால் முதல் எபிசோடை நீங்கள் தனியாகப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

எதை முதலில் பார்ப்பது? படத்தை, என்பேன். தொடர் படத்தின் முடிவு ரகசியத்தை ஏழாவது எபிசோடில் அவிழ்த்துவிடுகிறது. அதுவும் எப்படி? இரண்டு வயதான பொம்மைகள் இளம் பொம்மைகளுக்குப் பொம்மலாட்டம் நடத்திக் கதை சொல்கின்றன. படத்தைப் பார்த்துவிட்டு வந்தால் இன்னொன்றும் நடக்கும்: இந்தக் கெல்ஃப்ளிங்குகளில் யாரும் மிஞ்சப்போவதில்லை என்று தெரிந்தே அவர்களின் ஒவ்வொரு வெற்றியையும் பார்ப்பீர்கள். முதல் எபிசோடில் இடங்களும் குலங்களும் பெயர்களுமாக மழை பொழியும். ரியான், பிரேயா, டீட் மூவரை மட்டும் பிடித்துக்கொண்டால் போதும், ‘ஸ்கெக்’ என்று தொடங்கினால் பெரும்பாலும் வில்லன். சப்டைட்டிலைக் கூடுமானவரை அணைத்துவையுங்கள். எழுத்துக்காகக் கீழே போகும் ஒவ்வொரு முறையும் பொம்மை நடிக்கும் முக்கிய இடமான கண்ணைத் தவறவிடுகிறீர்கள்.

பத்தாவது எபிசோடு கதையை முடிக்காமல் நிறுத்துகிறது. 2020 செப்டம்பரில் தொடருக்குச் சிறந்த குழந்தைகள் நிகழ்ச்சிக்கான எம்மி கிடைத்தது. அதே மாதத்தில் இரண்டாம் பருவம் இல்லை என்ற செய்தியும் வந்தது. மிச்சக் கதையைத் தேடுபவர்கள் திரும்பப் போக வேண்டியது அதே 93 நிமிடப் படத்துக்கு. அப்படிப் போகும்போது ஜென்னின் அசையாத கன்னத்தைப் பார்க்காதீர்கள், கழுத்தைப் பாருங்கள். உள்ளே இருப்பது ஹென்சனின் மணிக்கட்டு.